ஏழு மூவில் தோற்றவன் சொல்லும் இத்தாலியன் ஓப்பனிங்

நாற்பத்தோரு வயதில் முதல் செஸ் போட்டியில் உட்கார்ந்தேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் மகளைக் கூட்டிக்கொண்டு போய்க் கல்யாண மண்டப வாசலில் காத்துக் கிடந்ததில், சும்மா இருப்பதற்கு நாமும் ஆடினால் என்ன என்று தோன்றி, எந்த வயதினரும் ஆடக்கூடிய ஓப்பன் பிரிவில் பெயர் கொடுத்தேன். முதல் ரவுண்டில் எதிரே வந்து உட்கார்ந்த பையனுக்கு எட்டு வயது இருக்கும். நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தரையைத் தொடவில்லை. மரியாதையாகக் கை கொடுத்தான். ஏழாவது மூவில் "செக்மேட் அங்கிள்" என்றான். நான் போர்டையே பார்த்துக்கொண்டிருந்ததால், நம்பவில்லை என்று நினைத்தானோ என்னவோ, ஒவ்வொரு கட்டமாக விரலால் காட்டி, "இங்கேயும் போக முடியாது, இங்கேயும் போக முடியாது" என்று விளக்கினான்.

நான் ஆடியது இத்தாலியன் ஓப்பனிங், அதாவது ஆட்டத்தைத் தொடங்கும் முறைகளில் ஒன்று. அதைப் பற்றி இரண்டு வீடியோ பார்த்துவிட்டு, பத்து மூவ் வரை மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். மூன்றாவது மூவிலேயே பையன் என் மனப்பாடத்துக்கு வெளியே போய்விட்டான். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் என் சொந்தப் புத்தி.

காய்கள் எப்படி நகரும் என்று தெரியும், ஆனால் ஆட்டத்தை எப்படித் தொடங்குவது என்று தெரியாது என்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஓப்பனிங்கைப் புத்தகத்திலிருந்து ஆட்டத்துக்குக் கொண்டு போகாமல், தோற்ற ஆட்டத்திலிருந்து ஓப்பனிங்குக்குப் பின்னோக்கி வருவதுதான் என் வழி. சுற்றுவழி மாதிரி தெரியும். ஆனால் இப்படிப் படித்தது மறப்பதில்லை.

முதலில் எழுதப் பழகுங்கள்

ஆட்டம் எழுத்தில் இல்லாவிட்டால் படிக்க எதுவும் இல்லை. போர்டில் மேலும் கீழுமாக ஓடும் எட்டு வரிசைகளுக்கு இடமிருந்து வலமாக ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி, எச் என்று பெயர். வெள்ளையின் பக்கத்திலிருந்து மேலே ஒன்று முதல் எட்டு வரை எண். வெள்ளை ராஜா நிற்கும் கட்டம் இ1, கறுப்பு ராஜா நிற்பது இ8. சிப்பாய் நகர்ந்தால் கட்டத்தின் பெயர் மட்டும் போதும். மற்றக் காய்களுக்குப் பெயரும் கட்டமும் எழுத வேண்டும். காயின் பெயருக்கு அவரவர் மொழி எழுத்தைப் போட்டுக்கொள்ள, உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் விதியே இடம் கொடுக்கிறது. குதிரைக்குக் 'கு' என்று தாராளமாக எழுதலாம்.

பெயர்களில் ஒரு சின்னத் தகராறு உண்டு. எங்கள் வீட்டில் பிஷப்பை மந்திரி என்போம். என் மனைவி வீட்டில் மந்திரி என்றால் ராணி. கல்யாணமான புதிதில் இதனாலேயே ஒரு ஆட்டம் பாதியில் நின்றது. அதனால் இங்கே பிஷப் என்றே எழுதுகிறேன். மற்றவை ராஜா, ராணி, யானை, குதிரை, சிப்பாய்.

மூவை ஆடிவிட்டுத்தான் எழுத வேண்டும். முன்கூட்டி எழுதி வைத்துக்கொண்டு யோசிக்க விதியில் இடமில்லை. குறைந்த நேரத்தில் ஆடி முடிக்கும் ரேப்பிட் போட்டிகளில் எழுதியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது, ஆனாலும் எழுதுங்கள். நான் அன்றைக்கு எழுதினேன். அந்தத் தாளில் ஏழு வரி மட்டும்தான் நிரம்பியிருக்கிறது, மீதியெல்லாம் வெள்ளை. இதுவரை எனக்குக் கிடைத்ததிலேயே நல்ல பாடப் புத்தகம் அதுதான்.

முதல் மூன்று மூவ்கள், காரணத்தோடு

இத்தாலியன் ஓப்பனிங் என்பது இவ்வளவுதான்:

1. இ4 இ5
2. குதிரை எஃப்3, குதிரை சி6
3. பிஷப் சி4

இதில் முதலில் எழுதியிருப்பது வெள்ளையின் மூவ், அடுத்தது கறுப்பின் மூவ். மூன்றாவதில் பிஷப் சி4-க்கு வந்த நொடியில் இத்தாலியன் தொடங்கிவிட்டது.

இ4 சிப்பாய் நடுக் கட்டம் ஒன்றைப் பிடிக்கிறது, கூடவே ராணிக்கும் பிஷப்புக்கும் வழி திறக்கிறது. குதிரை எஃப்3 கறுப்பின் இ5 சிப்பாயைக் குறி வைக்கிறது. கறுப்புக் குதிரை சி6-க்கு வருவது அந்தச் சிப்பாயைக் காக்க. இந்த ஒரு வரியை அடிக்கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்: இ5 சிப்பாய்க்குக் காவல் சி6 குதிரை.

பிஷப் சி4 எதைப் பார்க்கிறது? சாய்கோட்டில் கண்ணை ஓட்டினால் எஃப்7-ல் போய் நிற்கும். ஆட்டத் தொடக்கத்தில் அந்தக் கட்டத்துக்குக் கறுப்பு ராஜாவைத் தவிர வேறு காவல் கிடையாது. புதிதாக ஆடுகிறவர்கள் தோற்கும் குட்டி ஆட்டங்களில் பெரும்பாலானவை எஃப்7-லோ, வெள்ளைப் பக்கத்தில் அதற்கு நேரான எஃப்2-லோதான் முடிகின்றன. பிஷப் வெளியே வந்துவிட்டதால் அடுத்த மூவிலேயே கேஸ்லிங் செய்யவும், அதாவது ராஜாவையும் யானையையும் ஒரே மூவில் நகர்த்தி ராஜாவைப் பத்திரப்படுத்தவும், வழி பிறக்கிறது. ஒரே மூவில் இரண்டு வேலை. புதியவர்களுக்கு இந்த ஓப்பனிங்கைச் சொல்லிக் கொடுப்பதற்குக் காரணம் அதுதான்.

இது பழைய ஆட்டம். இத்தாலிக்காரர் ஜோவாக்கினோ கிரேக்கோ 1620களிலேயே இதன் பொறிகளைக் கையெழுத்துப் பிரதிகளாக எழுதி வைத்துவிட்டார். இதன் ஒரு கிளைக்கு 'ஜுவோக்கோ பியானோ' என்று பெயர், அமைதியான ஆட்டம் என்று அர்த்தம். ஏழு மூவில் மேட் வாங்கியவனிடம் அந்தப் பெயரைச் சொல்லாதீர்கள்.

அந்த ஆட்டம்

போர்டை எடுத்து வைத்துக்கொண்டு படியுங்கள். போனில் பார்த்தாலும் சரி, ஆனால் மரப் போர்டில் கையால் நகர்த்திப் பார்த்தால் மனசில் நிற்கும்.

3. பிஷப் சி4, குதிரை டி4

சி6-ல் இருந்த குதிரையை எடுத்து டி4-ல் வைத்துவிட்டான். நடுப் போர்டில் தனியாக நிற்கிறது. ஒரே குதிரையை இரண்டு தடவை நகர்த்துகிறானே, பாவம், சின்னப் பையன் என்று நினைத்தேன். மேலே அடிக்கோடு போடச் சொன்ன வரி ஞாபகமிருக்கிறதா? காவல் போய்விட்டது. இ5 சிப்பாய் இலவசம்.

4. குதிரை இ5-ஐ வெட்டியது, ராணி ஜி5

நான்கு நொடிகூட யோசிக்காமல் வெட்டினேன். பையனும் யோசிக்கவில்லை, ஆனால் அவனுக்கு விஷயம் தெரிந்திருந்தது. ஜி5-ல் வந்த ராணி ஒரே நேரத்தில் இரண்டைப் பிடிக்கிறது, இ5-ல் நிற்கும் என் குதிரையையும் ஜி2 சிப்பாயையும். ஜி2 விழுந்தால் பக்கத்தில் எச்1 யானையும் அம்போ.

5. குதிரை எஃப்7-ஐ வெட்டியது, ராணி ஜி2-ஐ வெட்டியது

இங்கே எனக்கு உற்சாகமே வந்துவிட்டது. எஃப்7-ல் என் குதிரை அவன் ராணிக்கும் எச்8 யானைக்கும் சேர்த்துக் குறி வைக்கிறது. அவன் ராணியை எடுத்துக்கொண்டு ஓடினால் யானை எனக்கு. ஓடினான், ஆனால் ஜி2 சிப்பாயைத் தின்றுகொண்டே ஓடினான்.

6. யானை எஃப்1, ராணி இ4-ஐ வெட்டி செக்
7. பிஷப் இ2, குதிரை எஃப்3 மேட்

டி4 குதிரை எஃப்3-ல் வந்து நிற்கிறது. பிஷப்பால் வெட்டலாமே என்றால், பிஷப் நகர்ந்தால் இ4 ராணி என் ராஜாவைப் பார்க்கும். ஜி2 சிப்பாய் இருந்திருந்தால் அது வெட்டியிருக்கும், அதைத்தான் ஏற்கெனவே தின்றாயிற்று. ராஜாவைச் சுற்றி டி1-ல் ராணி, டி2-ல் சிப்பாய், இ2-ல் பிஷப், எஃப்1-ல் யானை, எஃப்2-ல் சிப்பாய். எல்லாம் என் ஆட்களே. ராஜா சொந்தக் குடும்பத்துக்கு நடுவில் மூச்சு முட்டிச் செத்தார். ஏழாவது மூவில் பிஷப்புக்குப் பதிலாக ராணியை இ2-ல் வைத்திருந்தால் மேட் தப்பியிருக்கும், ராணி போயிருக்கும்.

இந்தப் பொறிக்கு 'பிளாக்பர்ன் ஷில்லிங் கேம்பிட்' என்று பெயர். கேம்பிட் என்றால் தொடக்கத்திலேயே ஒரு காயைக் கொடுத்து ஆடும் தந்திரம். ஜோசப் ஹென்றி பிளாக்பர்ன் என்ற இங்கிலாந்து ஆட்டக்காரர் காபி கடைகளில் தெரியாதவர்களை இதில் சிக்க வைத்து ஆட்டத்துக்கு ஒரு ஷில்லிங் சம்பாதித்தார் என்பது கதை. மாவட்டத்துக்கு மாவட்டம் குட்டிப் பிளாக்பர்ன்கள் இருக்கிறார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

கம்ப்யூட்டரைத் திறக்கும் முன்

அன்று மாலையே லிச்செஸ் என்ற செஸ் இணையதளத்தில் ஆட்டத்தைப் போட்டுப் பார்க்கத்தான் கை துறுதுறுத்தது. மகள் தடுத்தாள். "முதல்ல நீங்களே பாருங்கப்பா, எங்க கோச் அப்படித்தான் சொல்வாரு" என்றாள். சரியான அறிவுரை. கம்ப்யூட்டர் விடையைச் சொல்லிவிடும், நாம் தலையாட்டுவோம், அடுத்த வாரமே மறந்துவிடும்.

ஒவ்வொரு மூவிலும் நின்று இரண்டே கேள்வி கேளுங்கள். எதிராளி இப்போது நகர்த்திய காய் புதிதாக எதைப் பார்க்கிறது? அது முன்பு எதைக் காத்துக்கொண்டிருந்தது, இப்போது எதைக் கைவிட்டது? தோற்றவர்கள் இரண்டாவது கேள்வியை மட்டும் கேட்பார்கள். நானும் அதைத்தான் செய்தேன், காவல் போன சிப்பாய் கண்ணில் பட்டது, ராணிக்கு டி8-லிருந்து ஜி5 வரை சாய்கோடு முதல் மூவிலிருந்தே திறந்து கிடந்தது கண்ணில் படவில்லை.

பிறகு பின்னாலிருந்து முன்னால் வாருங்கள். ஏழாவது மூவில் தப்ப முடியுமா? ராணியைக் கொடுத்தால் மட்டும். ஆறாவதில்? யானையை நகர்த்தாமல் இருந்தால் யானையே போகும். ஐந்தாவதில்? இங்கேதான் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். குதிரைக்குப் பதிலாகப் பிஷப்பால் எஃப்7-ஐ வெட்டி செக் கொடுத்திருந்தால், ராஜா நகர்ந்தே ஆக வேண்டும். நான் உடனே கேஸ்லிங் செய்துவிட்டால் ஜி2-வில் பயமில்லை. அவன் ராணி என் இ5 குதிரையை வெட்டும்தான், ஆனால் எனக்கு இரண்டு சிப்பாய், அவன் ராஜா கேஸ்லிங் செய்ய வழியில்லாமல் நடுவில். அடுத்து சி3, டி4 என்று சிப்பாய்களைத் தள்ளி அவன் காய்களை விரட்டலாம். ஆட்டம் உயிரோடு இருந்திருக்கும்.

நான்காவதில் இன்னும் எளிது. டி4-ல் வந்த குதிரையைக் குதிரையால் வெட்டியிருந்தால் போதும். அவன் இ5 சிப்பாயால் திருப்பி வெட்டுவான். நான் கேஸ்லிங் செய்வேன். இப்போது போர்டைப் பாருங்கள்: என் பிஷப் வெளியே, ராஜா பத்திரம். அவன் பக்கத்தில் ஒரு பெரிய காய்கூட வெளியே வரவில்லை, டி வரிசையில் இரண்டு சிப்பாய் ஒன்றன்மேல் ஒன்று. தந்திரம் செய்தவனுக்கு அதற்கான தண்டனை.

ஆக, முதல் தப்பு நான்காவது மூவ். உங்கள் தாளிலும் அப்படி முதல் தப்பைக் கண்டுபிடித்து வட்டம் போடுங்கள். கடைசித் தப்பு எல்லோருக்கும் தெரியும், அதில் படிக்க ஒன்றுமில்லை.

மூன்றாவது மூவில் கறுப்பு வேறு என்ன செய்யும்

வட்டம் போட்ட பிறகு ஓப்பனிங்கைத் திறந்தால் எல்லாம் வேறு மாதிரி தெரிகிறது. கறுப்பின் பதில்கள் பெரும்பாலும் இவைதான்.

பிஷப் சி5: இதுதான் அமைதியான ஆட்டம். நீங்கள் சி3, டி3 என்று சிப்பாய்களை வைத்து, கேஸ்லிங் செய்து, யானையை இ1-க்குக் கொண்டு வாருங்கள். பி1 குதிரையை டி2, எஃப்1, ஜி3 என்று மூன்று படியில் ராஜா பக்கம் கூட்டி வரும் பழக்கம் பெரிய ஆட்டக்காரர்களிடமும் உண்டு. அதே இடத்தில் பி4 என்று சிப்பாயைக் கொடுத்துச் சண்டையைக் கிளப்புவது எவான்ஸ் கேம்பிட். 19-ஆம் நூற்றாண்டுச் சரக்கு என்று எல்லோரும் ஒதுக்கிவைத்திருந்ததை 1995-ல் லாட்வியாவின் ரீகாவில் உலக சாம்பியன் காஸ்பரோவ் நம் ஆனந்த் மேலேயே பிரயோகித்து, 25 மூவில் ஜெயித்தார். ஆனந்துக்கே அந்தக் கதி என்று நினைத்தபோது என் ஏழு மூவ் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. புதியவர்கள் முதல் ஆறு மாதம் சி3, டி3-யிலேயே இருங்கள்.

குதிரை எஃப்6: இது உங்கள் இ4 சிப்பாயைத் தாக்குகிறது. டி3 என்று காத்துக்கொண்டால் போதும். குதிரை ஜி5 என்று எஃப்7-ஐ இரண்டு காய்களால் தாக்கவும் செய்யலாம், இது புதியவர்கள் வட்டாரத்தில் பயங்கர ஆயுதம். கறுப்பு டி5 தள்ளும், நீங்கள் சிப்பாயால் வெட்டுவீர்கள். கறுப்பு அதைக் குதிரையால் திருப்பி வெட்டினால் உங்கள் குதிரை எஃப்7-ல் பாயலாம். ராஜா வெட்டியதும் ராணி எஃப்3 செக். டி5 குதிரையைக் காப்பாற்ற ராஜா இ6-க்கு, போர்டின் நடுவுக்கு, வந்தாக வேண்டும். பொரித்த ஈரல் என்று இந்தத் தாக்குதலுக்குப் பெயர். சாப்பாட்டு நேரத்தில் வைத்த பெயராக இருக்கும்.

டி6: கறுப்பு அடக்கமாக நிற்கிறது. நீங்கள் குதிரை சி3, கறுப்பு பிஷப் ஜி4 என்று உங்கள் எஃப்3 குதிரையைக் கட்டிப் போடும் (அது நகர்ந்தால் பின்னால் உள்ள ராணி மாட்டும்). இங்கே லெகால் மேட் என்ற பழைய பொறி இருக்கிறது, ஆனால் நேரம் முக்கியம். உடனே குதிரையால் இ5-ஐ வெட்டினால் சி6 குதிரை திருப்பி வெட்டும், கூடவே ஜி4 பிஷப்பையும் காத்துக்கொள்ளும், உங்களுக்கு ஒரு காய் நஷ்டம். முதலில் எச்3 என்று சிப்பாயைத் தள்ளிப் பிஷப்பை விரட்டுங்கள். அது எச்5-க்குப் பின்வாங்கினால் இப்போது குதிரை இ5-ஐ வெட்டலாம். ராணி கிடைத்தது என்று ஆசையில் பிஷப் டி1-ஐ வெட்டினால்: பிஷப் எஃப்7-ஐ வெட்டி செக், ராஜா இ7, குதிரை டி5 மேட். ஆசைப்படாமல் குதிரையால் வெட்டினால் உங்கள் ராணி எச்5 பிஷப்பை வெட்டும். அவன் குதிரை சி4 பிஷப்பை வெட்டட்டும், ராணி பி5-ல் செக் கொடுத்து அந்தக் குதிரையையும் பிடித்துவிடலாம். கணக்கு முடிவில் ஒரு சிப்பாய் லாபம். எச்3-க்கும் எச்5-க்கும் உள்ள அந்த ஒரு மூவ் வித்தியாசத்தைப் போர்டில் வைத்துப் பாருங்கள், ஒரே பொறி ஒரு கட்டத்தில் தங்கம், இன்னொரு கட்டத்தில் தகரம்.

எச்6: குதிரை ஜி5-க்கு வந்துவிடுமோ என்ற பயத்தில் பலர் ஆடுவது. ஒரு மூவை வீணாக்கினார்கள் என்று எடுத்துக்கொண்டு டி4 தள்ளி நடுவைத் திறந்துவிடுங்கள்.

குதிரை டி4: இதற்கு என்ன செய்வது என்று இனி உங்களுக்குச் சொல்ல வேண்டாம்.

நீங்கள் கறுப்பாக இருந்தால்

பாதி ஆட்டங்களில் கறுப்புதான் வரும். வெள்ளை இத்தாலியன் ஆடினால் பிஷப் சி5, குதிரை எஃப்6, டி6, கேஸ்லிங். இந்த வரிசையில் போனாலே பாதி ஆபத்து இல்லை. குதிரை எஃப்6-ஐ முதலில் ஆடி, வெள்ளை குதிரை ஜி5 என்று பாய்ந்தால், டி5 தள்ளுங்கள். வெள்ளை சிப்பாயால் வெட்டியதும் திருப்பி வெட்டக் கை போகும், அடக்குங்கள். குதிரையை ஏ5-க்குக் கொண்டு போய் அவர் பிஷப்பைத் தாக்குங்கள். ஒரு சிப்பாய் போகும், பதிலுக்கு உங்கள் காய்கள் வேகமாக வெளியே வரும். பொரித்த ஈரல் எதிராளிக்குக் கிடைக்காது.

என் எதிராளி ஆடிய குதிரை டி4 பொறியை நீங்களும் ஆடிப் பார்க்க ஆசை வரும். எனக்கும் வந்தது. நான்கு ஆட்டத்தில் மூன்றில் ஜெயித்தேன், எதையும் கற்றுக்கொள்ளவில்லை, விட்டுவிட்டேன்.

கம்ப்யூட்டர் வேலை

இப்போது திறக்கலாம். லிச்செஸ் இலவசம், விளம்பரமும் கிடையாது. ஆட்டத்தை உள்ளே போட்டால், அதிலுள்ள ஸ்டாக்ஃபிஷ் என்ற செஸ் நிரல், எங்கே ஆட்டம் கவிழ்ந்தது என்று காட்டும். நீங்கள் வட்டம் போட்ட இடமும் அது காட்டும் இடமும் ஒன்றா என்று மட்டும் பாருங்கள். வேறாக இருந்தால், ஏன் என்று போர்டில் ஆடிப் பார்த்துப் புரிந்துகொள்ளுங்கள்.

அங்கேயே ஓப்பனிங் எக்ஸ்புளோரர் என்று ஒன்று இருக்கிறது. பெரிய ஆட்டக்காரர்கள் என்ன ஆடினார்கள் என்பதையும், சாதாரண ஆட்டக்காரர்கள் என்ன ஆடுகிறார்கள் என்பதையும் தனித்தனியாகக் காட்டும். இரண்டாவதில் உங்கள் ரேட்டிங் (ஆட்டத் திறனைக் காட்டும் எண்) அளவை வைத்து வடிகட்டிப் பாருங்கள். உலக சாம்பியன்கள் மூன்றாவது மூவில் குதிரை டி4 ஆடப்போவதில்லை. உங்கள் எதிரே உட்காரப்போகிறவர் ஆடுவார்.

பயிற்சிக்கு 10 நிமிடத்துக்குக் குறைந்த ஆட்டம் வேண்டாம். ஒரு நிமிட ஆட்டத்தில் விரல்தான் பழகும்.

மண்டபத்தில் ஒரு விஷயம்

தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். கேஸ்லிங் செய்யும்போதுதான் புதியவர்கள் மாட்டுவார்கள். ராஜாவை முதலில் தொடுங்கள், இரண்டு கட்டம் நகர்த்துங்கள், அதே கையால் யானையை எடுத்து வையுங்கள். யானையை முதலில் தொட்டுவிட்டால் அந்த மூவில் அந்த யானையோடு கேஸ்லிங் கிடையாது. எதிராளி சின்னப் பிள்ளை, கேட்க மாட்டான் என்று நினைக்காதீர்கள். பெரியவர்கள் விட்டுவிடுவார்கள், எட்டு வயதுக்காரர்கள் கையைத் தூக்கி நடுவரான ஆர்பிட்டரைக் கூப்பிடுவார்கள். கோணலாக நிற்கும் காயைச் சரி செய்ய வேண்டுமானால், தொடும் முன்பே "அட்ஜஸ்ட்" என்று சொல்லிவிட வேண்டும்.

இரண்டு மாதம் கழித்து இன்னொரு மண்டபத்தில், கல்லூரிப் பையன் ஒருவன் எனக்கு எதிரே குதிரை டி4 ஆடினான். ஆடிவிட்டு, ஒன்றும் தெரியாதவன்போல மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான். குதிரையால் குதிரையை வெட்டினேன். அவன் முகம் மாறியதை இன்னும் நினைத்துச் சிரித்துக்கொள்கிறேன். இருபதாவது மூவில் நான் ஒரு காய் கூடுதலாக இருந்தேன். அப்புறம் முப்பத்தொன்றாவது மூவில் யானையை, காவலே இல்லாத கட்டத்தில், நானாகக் கொண்டுபோய் வைத்தேன். அந்தத் தாள் இப்போது மேஜைமேல் இருக்கிறது. வட்டம் போட வேண்டிய இடம் முப்பத்தொன்று இல்லை, அதற்கும் முன்னால் எங்கேயோ இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக்குள் கண்டுபிடிக்க வேண்டும்.